சோஷியலும் தமிழும் ஏன் மண்டையில நிக்க மாட்டேங்குது? ஒரு ஆணி விஷயம்

சாயங்காலம் ஆறு மணி ஆனா ஓட்டேரில எங்க வீட்டு மொட்டை மாடில பத்து பன்னெண்டு பசங்க வந்து உக்காந்துடுவாங்க, எல்லாம் டென்த்து. மேத்ஸுக்கும் சயின்ஸுக்கும் வேற சார்கிட்ட போறாங்க, என்கிட்ட வர்றது சோஷியலுக்கும் தமிழுக்கும். வர்ற மொத நாளே முக்கால்வாசி பேர் சொல்றது ஒரே டயலாக் தான், "அக்கா, மேத்ஸ்னா எப்படியாச்சும் போட்டுடுவேன், சோஷியல் தான் படிக்கப் படிக்க மறந்து போவுது."

சரி எப்படி படிக்கிறேன்னு படிச்சுக் காட்டுடான்னு சொன்னா, புக்கை கையில வெச்சிக்கிட்டு மாடில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே ஒரே பாராவை இருபது தடவை கடம் அடிக்கிறான். இருபத்தி ஒண்ணாவது தடவை புக்கை புடுங்கிட்டு "இப்ப சொல்லு"ன்னா மொத லைன் வருது, ரெண்டாவது லைன்ல பாதி வருது, அப்புறம் மேல பாக்குறான்.

இது மண்டை மக்குங்கிறதால இல்ல. ஆணி இல்ல, அவ்வளவு தான்.

சுவத்துல ஒரு ஆணி கூட இல்லாத ரூமுக்குள்ள ஒருத்தர் சட்டை சட்டையா கொண்டாந்து குடுத்துக்கிட்டே இருக்காருன்னு வெச்சுக்கோங்க. எங்க மாட்டுவீங்க? தரையில தான் போடுவீங்க. பத்து சட்டை சேர்ந்ததும் எது எங்க இருக்குன்னு தெரியாது. வருஷம், பேரு, சட்டம், உடன்படிக்கை எல்லாம் சட்டை. ஏற்கனவே உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு விஷயம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்களே அது தான் ஆணி. புதுசா படிக்கிறதை அதுல மாட்டுனா நிக்கும், இல்லாட்டி தரைல தான் கெடக்கும். மேத்ஸ்ல ஒரு கணக்கு அடுத்த கணக்குக்கு தானாவே ஆணி அடிச்சிக் குடுத்துடும். சோஷியல்ல அப்படி இல்ல, புக்குல சட்டை மட்டும் தான் குடுப்பாங்க, ஆணியை நாம தான் தேடி அடிக்கணும். (நம்ம ஊர்ல ஆணி புடுங்குறதுன்னா வெட்டி வேலைன்னு அர்த்தம்னு எனக்கும் தெரியும், இது அடிக்கிற வேலை, சிரிக்காதீங்க.)

மொதல்ல ஹிஸ்டரி. டென்த்து புக்கைத் தொறந்தா மொத பாடமே முதல் உலகப்போர். ஐரோப்பா, முக்கூட்டு, பால்கன்னு வர்ற வார்த்தை எல்லாமே ஓட்டேரி பையனுக்கு எங்கயோ நடக்கிற கதை. நான் அங்க ஆரம்பிக்க மாட்டேன். "வீட்ல தாத்தா யாரையாச்சும் 'அவன் பெரிய எம்டன்'னு சொல்லிக் கேட்டிருக்கியா?"ன்னு தான் ஆரம்பிப்பேன். ரெண்டு மூணு கை கண்டிப்பா தூக்கும். எம்டன்னா கில்லாடி, யாரும் ஏமாத்த முடியாத ஆளு. ஆனா அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு? அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலோட பேரு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்தக் கப்பல் நம்ம மெட்ராஸ் ஹார்பருக்குப் பக்கத்துல வந்து நின்னு குண்டு போட்டுச்சு, கரையில இருந்த பர்மா ஆயில் கம்பெனி டேங்க் பத்தி எரிஞ்சுது, சில குண்டு ஹைகோர்ட்டு பக்கமும் விழுந்துச்சு, அதோட நினைவுக் கல்லு இன்னிக்கும் ஹைகோர்ட்டு காம்பவுண்டு சுவத்துல இருக்கு. ஜனங்க மூட்டை முடிச்சோட ஊரை விட்டு ஓடுனாங்க. அந்தக் கப்பலுக்கு வயசு என்னமோ நூத்திச் சொச்சம் ஆயிடுச்சு, பேரு மட்டும் நம்ம வாயில தங்கிடுச்சு.

இப்ப இது ஆணி. இதுல இருந்து பின்னாடி போங்க. ஒரு ஜெர்மன் கப்பல் எதுக்கு மெட்ராஸ் மேல குண்டு போடணும், நாம அவங்களை என்ன பண்ணோம்? நாம ஒண்ணும் பண்ணல, பிரிட்டிஷ்காரன் கையில இருந்தோம், அவனுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை, அவனோட வியாபாரத்தையும் எண்ணெயையும் கெடுத்தா அவனுக்கு நஷ்டம். சரி பிரிட்டன் எதுக்கு சண்டைக்குப் போச்சு? ஆகஸ்ட் 4ல ஜெர்மனி பெல்ஜியத்துக்குள்ள பூந்துச்சு, அன்னிக்கே பிரிட்டன் எறங்கிடுச்சு. ஜெர்மனி ஏன் பூந்துச்சு? ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் கூட்டாளி, செர்பியாவுக்கு ரஷ்யா சப்போர்ட்டு, ரஷ்யாவுக்கு பிரான்ஸ் கூட்டாளி, பிரான்ஸை அடிக்கணும்னா பெல்ஜியம் வழியா போனா ஈஸின்னு ஜெர்மனி ப்ளான். ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும் என்ன? ஜூன் 28ல சரயேவோல ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டை சுட்டுட்டாங்க. சரயேவோல வெடிச்ச துப்பாக்கிக்கும் பாரிமுனைல விழுந்த குண்டுக்கும் நடுவுல மொத்தம் 86 நாள். இதை எண்ணிப் பாத்த அப்புறம் எந்தப் பையனும் 1914ஐ மறந்து நான் பாக்கல.

அப்படியே முன்னாடியும் போகணும், அங்க தான் எனக்கு பிடிச்ச எடமே இருக்கு. போர் நடக்குது, கப்பல் எல்லாம் போருக்குப் போயிடுச்சு, அரிசி, மண்ணெண்ணெய், துணின்னு எல்லாத்துக்கும் வெலை ஏறுது, கூலி மட்டும் அப்படியே நிக்குது. எங்க ஏரியாவுல பாட்டிமார் இன்னும் பின்னி மில்லுன்னு சொல்றாங்களே, காக்கித் துணிக்குப் பேர் போன பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லு, அங்க வேலை பாத்தவங்க வயிறு எரிஞ்சு ஒண்ணு சேர்ந்தாங்க, 1918 ஏப்ரல் 27ல மெட்ராஸ் லேபர் யூனியன் பொறந்துச்சு, பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க எல்லாம் அதுல இருந்தாங்க. இந்தியாவுல முறையா அமைஞ்ச மொத தொழிற்சங்கம் அது. பெரம்பூர்ல! என் மாடில உக்காந்திருக்கிற பசங்களோட கொள்ளுத்தாத்தா யாராச்சும் அந்த மில்லுல இருந்திருந்தா ஆச்சரியமே இல்ல.

அப்புறம் 1919. போர் நேரத்துல யாரை வேணா புடிச்சு உள்ள போடலாம்னு 1915ல ஒரு சட்டம் வெச்சிருந்தான் பிரிட்டிஷ்காரன், போர் முடிஞ்சும் அந்த பவரை விட மனசில்ல, அதனால ரௌலட் சட்டம். அதை எதுத்து கடையடைப்பு பண்ணலாம்ங்கிற யோசனை காந்திக்கு வந்ததே மெட்ராஸ்ல ராஜாஜி வீட்டுல தங்கியிருந்தப்ப தான், அவரே சுயசரிதைல எழுதியிருக்கார். அந்தப் போராட்டம் பஞ்சாப்ல சூடாச்சு, ஏப்ரல் 13ல ஜாலியன்வாலாபாக். அதே வருஷம் ஒரு கையில அடி, இன்னொரு கையில மிட்டாய்ங்கிற மாதிரி 1919 சட்டம், மாகாணத்துல இரட்டை ஆட்சி, அதாவது சில துறை ஜெயிச்சு வர்ற நம்ம மந்திரிங்க கையில, மீதி கவர்னர் கையில. அதனால 1920ல எலெக்ஷன், காங்கிரஸ் ஒதுங்கிக்கிச்சு, 1916ல ஆரம்பிச்ச நீதிக்கட்சி மெட்ராஸ்ல ஜெயிச்சு ஆட்சிக்கு வந்துச்சு. காலக்கோடுன்னு ஒரு கேள்வி கேக்குறாங்கல்ல, அதுக்கு தேவையான சட்டை எல்லாம் ஒரே ஆணில வந்து மாட்டிக்கிச்சு பாருங்க.

இதுல ஒரு சின்ன டெக்னிக் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு நடுவுல "அதனால"ன்னோ "ஆனா"ன்னோ "அதுக்குள்ள"ன்னோ ஒரு வார்த்தை போட்டு சொல்ல முடியுதான்னு பாருங்க. சொல்ல முடிஞ்சா புரிஞ்சிருக்கு. "அப்புறம் இது, அப்புறம் இது, அப்புறம் இது"ன்னு அப்புறமாவே போனா கடம் அடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

ஆனா ஒரு எச்சரிக்கை, போன வருஷம் ஒரு பையன் இதைக் கேட்டுட்டு ஓவரா போயிட்டான், எது நடந்தாலும் அதுக்கு முன்னாடி நடந்தது தான் காரணம்னு எழுத ஆரம்பிச்சிட்டான். எம்டன் வந்ததால தான் நீதிக்கட்சி வந்துச்சுன்னு எழுதி வெச்சிருந்தான்! காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை தான். நீதிக்கட்சி வந்ததுக்கு காரணம் வேற, படிப்பு, அரசாங்க வேலை, சபைல எடம் இதெல்லாம் பிராமணரல்லாதவங்களுக்கு எவ்வளவு கெடைச்சுதுங்கிற கேள்வி, அது போருக்கு முன்னாடியே இருந்த கேள்வி. பக்கத்துல பக்கத்துல நடந்துச்சுங்கிறது வேற, ஒண்ணால ஒண்ணு நடந்துச்சுங்கிறது வேற. இந்த வித்தியாசம் புரிஞ்சாலே எய்ட் மார்க் கொஸ்டின்ல பாதி கிணறு தாண்டுன மாதிரி.

இதே மாதிரி இன்னொண்ணு வேகமா சொல்லிடுறேன். ஆஸ்திரியாவுல யாரு பட்டத்துக்கு வர்றதுன்னு ஐரோப்பாவுல சண்டை, அதுல பிரான்ஸும் பிரிட்டனும் எதிரெதிர், அதனால 1746ல பிரெஞ்சுக்காரன் நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் புடிச்சிட்டான். 1748ல ஐரோப்பாவுல சமாதானம், மெட்ராஸை திருப்பிக் குடு, நான் வட அமெரிக்காவுல புடிச்ச லூயிஸ்பர்க்கை திருப்பித் தர்றேன்னு பண்டமாத்து பண்ணிக்கிட்டாங்க. கர்நாடகப் போரை இந்தக் கோட்டைல இருந்து ஆரம்பிச்சுப் பாருங்க, போரூர்ல இருந்து பீச்சுக்கு போற மாதிரி நேரா போவும்.

குடிமையியல் வேற கேஸு. அதுல கதையே இல்ல, அதான் பசங்களுக்கு கொட்டாவி வருது. அதுக்கு ஆணி எதுன்னா, உங்க தெருவுல உங்களுக்கு இருக்கிற கோபம். சீரியஸா சொல்றேன். தெரு லைட்டு எரியல, யாருகிட்ட போய் கேப்பீங்க? கார்ப்பரேஷன். குழாயில தண்ணி கலங்கலா வருது? அது கார்ப்பரேஷன் இல்ல, மெட்ரோ வாட்டர், மாநில அரசோட வாரியம். மழைத்தண்ணி வடிகால் அடைச்சிக்கிச்சுன்னா கார்ப்பரேஷன், சாக்கடை பொங்குனா மெட்ரோ வாட்டர், ரெண்டும் ஒரே ரோட்டுல தான் ஓடுது, இவங்களைக் கேட்டா அவங்களைக் கையக் காட்டுவாங்க, அவங்களைக் கேட்டா இவங்களை. செல்போனை புடுங்கிட்டு ஓடிட்டான்? போலீஸ், அது மாநிலம். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன்ல ட்ரெயின் லேட்டு? ரயில்வே, அது மத்திய அரசு. 29சி பஸ் வரல? எம்டிசி, திரும்ப மாநிலம். மெட்ரோ ரயில்? அது மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துற கம்பெனி.

இப்ப புக்குல ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்னு வருதுல்ல, அது வேற ஒண்ணுமில்ல, யாரு எதுக்கு சட்டம் போடலாம்னு அதிகாரத்தைப் பங்கு பிரிச்ச லிஸ்டு தான். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது இந்த வீடு உனக்கு, அந்த நெலம் எனக்கு, கெணறு மட்டும் ரெண்டு பேருக்கும் பொதுன்னு எழுதுவாங்களே அப்படி. கெணத்துல சண்டை வந்தா பெரிய அண்ணன் பேச்சு தான் பொதுவா செல்லும், பொதுப் பட்டியல்லயும் மத்திய சட்டமும் மாநில சட்டமும் முட்டிக்கிச்சுன்னா பொதுவா மத்திய சட்டம் தான் நிக்கும். படிப்பு மொதல்ல மாநிலப் பட்டியல்ல இருந்துச்சு, 1976ல 42வது திருத்தத்துல பொதுப் பட்டியலுக்குப் போயிடுச்சு. டிவில நீட் பத்தி விவாதம் நடக்கும்போது "கல்வியை மாநிலப் பட்டியலுக்கு கொண்டு வா"ன்னு கத்துவாங்களே, அந்தச் சத்தம் தான் உங்க ஆணி, சேனலை மாத்தாம ரெண்டு நிமிஷம் கேளுங்க.

கார்ப்பரேஷன் விஷயத்துல எனக்கே ஒரு பழைய காயம் உண்டு. நான் டென்த்து படிக்கும்போது ஹாஃப் இயர்லில மெட்ராஸ் மாநகராட்சி ஆரம்பிச்ச வருஷம்னு ஒரு ஒன் வேர்ட் வந்துச்சு, 1688ன்னு நூறு தடவை எழுதிப் பாத்துட்டுப் போய் பேப்பர்ல 1868ன்னு எழுதிட்டு வந்தேன். மிஸ் க்ளாஸ்ல எழுந்து நிக்க வெச்சு சிரிச்சாங்க, காரணம் மட்டும் யாரும் சொல்லல. அப்பவே யாராச்சும் "கோட்டைக்கு எடம் கெடைச்சது 1639, அம்பது வருஷத்துக்குள்ள ஊரு பெருசாயிடுச்சு, கணக்கு வழக்கு பாக்க, வரி வசூலிக்க, கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஆளு தேவைப்பட்டுச்சு, அதனால 1688"ன்னு சொல்லியிருந்தா இந்த ஜென்மத்துல மாத்தி எழுதியிருக்க மாட்டேன். இப்ப என் பசங்களுக்கு சொல்றது இது தான், கார்ப்பரேஷனுக்கு கம்ப்ளெயின்ட் பண்ற நம்பர் 1913, அந்த வெள்ளை வெளேர்னு சென்ட்ரல் பக்கத்துல நிக்கிற ரிப்பன் பில்டிங் தொறந்த வருஷமும் 1913, ஒண்ணை வெச்சு இன்னொண்ணை புடிச்சுக்கோ. அப்படியே ரிப்பன்னா யாருன்னு கேளு, உள்ளாட்சின்னு ஒண்ணு ஊருக்கு ஊரு இருக்கணும்னு 1882ல தீர்மானம் போட்ட வைஸ்ராய், அவர் பேரை வேற எந்த பில்டிங்குக்கு வைப்பாங்க.

கோர்ட்டு பாடத்துக்கும் நம்ம ஊர்லயே ஒரு நல்ல கேஸு இருக்கு, புக்குல ஒரு வரில போயிடும், நான் அரை மணி நேரம் எடுத்துப்பேன். மெட்ராஸ் மாகாணத்துல மெடிக்கல், இன்ஜினியரிங் சீட்டை சமூகவாரியா பிரிச்சுக் குடுக்கிற அரசாணை இருந்துச்சு. 1950 ஜனவரி 26ல அரசியலமைப்பு வந்ததும், இது சமத்துவ உரிமைக்கு எதிரானதுன்னு செண்பகம் துரைராஜன்னு ஒருத்தங்க ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, ஜெயிச்சாங்க, அரசாங்கம் அப்பீல் போச்சு, 1951ல சுப்ரீம் கோர்ட்டும் அரசாணை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இங்க பெரிய போராட்டம். அதனால நாடாளுமன்றம் அதே வருஷம் அரசியலமைப்பையே திருத்துச்சு, அது தான் மொத திருத்தம், 15வது உறுப்புல நாலாவது உட்பிரிவு அப்ப தான் வந்துச்சு, பின்தங்கியவங்களுக்கு அரசு தனி ஏற்பாடு பண்ணலாம்னு. இப்ப பாருங்க, அடிப்படை உரிமைன்னா என்ன, கோர்ட்டு எதை ரத்து பண்ணலாம், சட்டம் போடுறவங்க அதுக்கு என்ன பண்ண முடியும், திருத்தம்னா என்ன, நாலு ஃபைவ் மார்க் ஒரே கேஸுக்குள்ள உக்காந்திருக்கு.

தமிழுக்கு வருவோம். இலக்கணம்னாலே பசங்க மூஞ்சி சுருங்கிடும், ஆனா ஆணி எல்லாம் ஏற்கனவே அவங்க வாயிலயே இருக்கு. தொகைநிலைத் தொடர் ஆறு வகைன்னு ஆரம்பிச்சா தூங்கிடுவாங்க. நான் பஸ்ஸுல இருந்து ஆரம்பிப்பேன். கண்டக்டர் என்ன சொல்லுவாரு? "ஏய் நீலச் சட்டை, படியில தொங்காத, உள்ள ஏறி வா!" சட்டை எங்கயாச்சும் ஏறி வருமா? நீலச் சட்டை போட்ட ஆளைத் தான் கூப்பிடுறாரு, ஆனா "போட்ட ஆளு"ங்கிறது அங்க இல்லவே இல்ல, ஒளிஞ்சிருக்கு. அது தான் அன்மொழித்தொகை, எந்த வார்த்தை அங்க இல்லையோ அதுக்குத் தான் அர்த்தம். கண்டக்டர் ஒரு நாளைக்கு நூறு அன்மொழித்தொகை சொல்றாரு, நாம தான் கவனிக்கல.

தண்ணி லாரி? தண்ணியைக் கொண்டு வர்ற லாரி. அதுல "ஐ"யும் போச்சு, "கொண்டு வர்ற"வும் போச்சு, ஒளிஞ்ச உருபு எது, ஒளிஞ்ச வேலை எதுன்னு கேட்டா வேற வார்த்தை இல்லாமயே உருபும் பயனும் உடன்தொக்க தொகை வந்துடுச்சு. வெண்பொங்கல், வெண்மையான பொங்கல், "ஆன" ஒளிஞ்சிருக்கு, பண்புத்தொகை. அண்ணன் தம்பி, அண்ணனும் தம்பியும், "உம்" ஒளிஞ்சிருக்கு, உம்மைத்தொகை. ஊறுகாய் தான் ரொம்ப டேஸ்ட்டான உதாரணம், நேத்து ஊறுன காய், இப்ப ஊறுற காய், நாளைக்கும் ஊறும் காய், மூணு காலமும் ஒரே ஜாடிக்குள்ள, வினைத்தொகை. ஆக எல்லாத்துக்கும் ஒரே கேள்வி தான், "இதுல என்ன ஒளிஞ்சிருக்கு?"

வல்லினம் மிகுமா மிகாதாங்கிறது கூட காதை வெச்சுப் பாதி போட்டுடலாம். ஊறுகாய்னு தான் சொல்றோம், ஊறுக்காய்னு யாரும் சொல்றதில்ல, சுடுகாடு, சுடுக்காடு இல்ல, ஆகவே வினைத்தொகைல மிகாது. பச்சைப் பட்டாணி, நீலச் சட்டைன்னு சொல்லும்போது உதடும் நாக்கும் ஒரு அழுத்தம் குடுக்குது பாருங்க, அங்க மிகுது. ஆனா நம்ம மெட்ராஸ் வாயை முழுசா நம்பாதீங்க, "நீலசட்ட"ன்னு நாமளே முழுங்கிடுவோம். மெதுவா, நியூஸ் வாசிக்கிற மாதிரி சொல்லிப் பாத்தா தான் தெரியும்.

எல்லாத்தையும் மாட்டியாச்சு, நின்னுச்சான்னு எப்படி தெரிஞ்சிக்கிறது? புக்கை மூடுங்க. இதை மட்டும் யாருமே பண்ண மாட்டேங்குறாங்க. திரும்பத் திரும்ப படிச்சா, பாத்த உடனே "இது தெரியுமே"ன்னு தோணும், அந்த நெனப்பு தான் ஏமாத்துறது. எதிர்ல வர்ற ஆளைப் பாத்தா மூஞ்சி தெரியுது, பேரு வருதா? பரீட்சைல பேரைத் தான் கேப்பாங்க. அதனால ஒரு தடவை படி, மூடு, பக்கத்துல இருக்கிறவனுக்கு கதையா சொல்லு, யாரும் இல்லாட்டி அம்மா பாத்திரம் தேய்க்கும்போது போய் சொல்லு, எங்க திக்குதோ அந்த எடத்தை மட்டும் திரும்பத் தொற. மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை, அதே மாதிரி மூடிட்டு. இருபது தடவை நடந்துக்கிட்டே படிக்கிறதை விட நேரம் கம்மி தான், ஆனா கொஞ்சம் வலிக்கும், மறந்து போனது தெரியும்ல, அதான் பசங்களுக்கு பிடிக்கல.

ஆணியே கெடைக்காத ஐட்டமும் கொஞ்சம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். செய்யுள் மனப்பாடப் பகுதியை மனப்பாடம் தான் பண்ணணும், அதுல சீர் பிரிச்சு தாளம் போட்டு சத்தமா சொன்னா சீக்கிரம் வரும், குறள்னா மொத அடில நாலு சீர், ரெண்டாவது அடில மூணு, தொடையில தட்டிக்கிட்டே சொல்லுங்க. உறுப்பு எண்ணு, அதுக்கும் கதை கிதை கெடையாது. நீதிப்பேராணைக்கு (ரிட்டுன்னு சொல்றாங்களே, உரிமையைக் காப்பாத்த கோர்ட்டு போடுற உத்தரவு) சுப்ரீம் கோர்ட்டுன்னா 32, ஹைகோர்ட்டுன்னா 226, ஏன் அந்த நம்பருன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, அங்க வந்து விழுந்துச்சு அவ்வளவு தான். இந்த மாதிரி நம்பரை எல்லாம் எங்க மாடி கைப்புடிச் சுவத்துல சாக்பீஸ்ல எழுதச் சொல்லியிருக்கேன், ஆளுக்கு ஒரு கட்டம். "அக்கா மழை பேஞ்சா அழிஞ்சிடுமே, சார்ட் பேப்பர்ல எழுதி ஒட்டிடலாமே"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. அழிஞ்சா மறுநாள் புக்கைப் பாக்காம திரும்ப எழுதணும்ல, அதுக்குத் தான்டி சுவரு.